புரட்டாதி வெள்ளி

நல்லூர் வீதியில் பரவின மணலை
மாநகரசபை இன்னும் அள்ளி முடிக்கவில்லை.
கஸ்தூரியார் வீதியில் எங்கள் கடைக்கு
நத்தார் வந்து இறங்கிவிட்டது,
கொழும்பு லொறியில், முப்பத்தொரு பெட்டி,
வெங்காய மூட்டைகளுக்கு நடுவில்.

நிதுர்சன் ஏணியில் ஏறி
கற்பூர விளம்பரம் தொங்கின ஆணியிலேயே
வெள்ளியைக் கொழுவினான்.
ஒரு முனை மடங்கியிருந்தது.
"அக்கா, இது கிழக்கைப் பாக்க வேணுமோ?"
"பஸ் ஸ்ராண்டைப் பாக்கட்டும்" என்றார் முதலாளி.

சோளகம் ஓய்ந்து வாடை திரும்பாத வெக்கை.
நான் பஞ்சைப் பிய்த்துப் பிய்த்து
பிளாஸ்ரிக் மரத்தில் பனி பெய்விக்கிறேன்.
பசை உருகி, பனி என் விரலை விடுவதாயில்லை.
நத்தார் தாத்தாவின் வயிற்றில் தட்டினால்
இடுப்பை ஆட்டுவார்,
ஒரு சீனத்துப் பெண்குரலில் வாழ்த்துவார்.
எள்ளுப் பொட்டணி கேட்டு வந்த மனிசி
அவரை எந்தப் பக்கத்தால் சுற்றிப் போவதென்று தெரியாமல் நின்று
"சனி முடிய முன்னம் வெள்ளியோ பிள்ளை?" என்றாள்.
சிரிக்காமல்தான் கேட்டாள்.
எனக்கு விளங்கினது இரவு, பாயில் கிடந்தபோது.

நான் குருநகர்ப் பிள்ளை.
எங்களிடம் ஓர் ஒழுங்கு உண்டு:
கார்த்திகை இரண்டில் சேமக்காலை.
புல்லுச் செருக்கி, சுண்ணாம்பு பூசி,
செத்தவர்களோடு ஒரு பின்னேரம் இருந்த பிறகுதான்
ஊதாத் திரி, நாலு ஞாயிறு,
அதற்குப் பிறகே பாலன்.
முதலாளி லாச்சியைத் திறந்து
செக் புத்தகத்தின் அடிக்கட்டையைக் காட்டினார்.
"கர்த்தர் ஆறுதலா மார்கழியில பிறக்கட்டும் பிள்ளை.
இது ஐப்பசி பதினைஞ்சில பிறக்குது."
அதற்கு மேல் நான் என்ன வேதம் பேச?

மூன்று கிழமை. ஒரு குடில் போகவில்லை.
பொன்தாளைத் தடவிப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள்,
தீபாவளிச் சட்டைக்குப் போனார்கள்.
பள்ளிக்கூடப் பெடியள் தாத்தாவைத் தட்டித் தட்டிப்
பற்றரியைச் சாகடித்தார்கள்.

பிறகு பிலேந்திரன் வந்தார்,
சாரத்தில் மீன்செதில், விரலெல்லாம் நண்டு கீறின கோடு.
மின்னுகிற குட்டி லைற்றை எடுத்து
மேசைக்கு அடியில் குனிந்து
இருட்டில் வைத்துப் பார்த்தார்.
"பச்சை வேண்டாம். சிவப்பு எத்தினை கிடக்கு?"
"இப்பவே வீடு சோடிக்கப் போறியளோ?"
"வலைக்கு. மிதப்பில கட்ட.
இரவில வள்ளங்கள் ஏறி அறுக்குது."
பதினெட்டு வாங்கினார்.
பொலித்தீனும் ரப்பர் வளையமும் சும்மா கேட்டார்.
முதலாளி கொப்பியில் எழுதினார்:
நத்தார், முதல் வியாபாரம்.

அந்தக் கிழமை வேலணையில் ஒரு செத்தவீடு.
திரும்பி வருகையில் பண்ணைப் பாலம், நிலவில்லை.
பரவைக் கடலில் சிவப்பு.
இல்லை.
சிவப்பு.
அலை தூக்கின உயரத்தில், வரிசை கெட்டு,
ஒன்று மட்டும் மற்றதுகளோடு சேராமல்
பிந்திப் பிந்தி மின்னியது.
தம்பி மோட்டார்சைக்கிளை மெதுவாக்கவில்லை.
பதினொன்று எண்ண, கரை வந்துவிட்டது.

ஐப்பசி மழையோடு பிலேந்திரனும் வந்தார்.
கைக்குள் ஏழு லைற், உள்ளே உப்புப் பூத்து.
"மாத்தித் தருவியளோ?"
"நத்தாருக்கு வித்த சாமான் அண்ணை.
கடலுக்கு உத்தரவாதம் இல்லை" என்றார் முதலாளி.
"அது தெரியும்" என்றார் அவர்.
இன்னும் பத்து எண்ணச் சொன்னார்.
காசை நீட்டிக்கொண்டே என் பக்கம் திரும்பி,
"வெறும் மெழுகுதிரி இருக்கோ பிள்ளை?
பூ, வெள்ளி ஒண்டும் இல்லாதது.
இரண்டாந் திகதிக்கு."

மரத்துக்குப் பின்னால், தாத்தாவுக்கும் பின்னால்,
போன வருசத்துப் பெட்டியொன்றில் ஆறு திரி கிடந்தது.
ஒவ்வொன்றிலும் பொன்துகள்.
என் சட்டைக் கையால் துடைத்தேன்.
பாதிதான் போனது.
"பரவாயில்லை, தா" என்றார்.